நானோவில் ஏலகிரி: அக்காவின் டிப்ஸ்

செகண்ட்ஹேண்டில் டாடா நானோ வாங்கி, கார் க்ளப்பில் சேர்ந்து, சென்னையிலிருந்து முதல் தடவையாக ஏலகிரி கிளம்பும் தங்கைகளே! 624 சிசி வண்டியை வைத்துக்கொண்டு பெரிய கார்களோடு மலை ஏற முடியுமா என்று தயங்கவே வேண்டாம். தாராளமாக ஏறலாம். வண்டியின் சுபாவம் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கிளம்பும் முன்

• நானோ விற்பனைக்கு வந்தது 2009-ல். உங்கள் வண்டி பதிவாகி 15 வருஷம் ஆகிவிட்டதென்றால், ஆர்.சி.யைப் புதுப்பித்திருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ் தேதிகளையும் பார்த்துவிடுங்கள்.

• முன் டயர் 135, பின் டயர் 155. அளவு வேறு, காற்றும் வேறு. கவனிக்காவிட்டால் நாலுக்கும் ஒரே அளவாகக் காற்றடித்து அனுப்பிவிடுவார்கள். பக்கத்தில் நின்று சொல்லி அடியுங்கள். ஸ்டெப்னி முன் டயர் அளவுதான். அதைப் பின்னால் மாட்ட நேர்ந்தால், பங்க்சர் கடை வரை மெதுவாகப் போங்கள்.

• என்ஜின் பின்னால் இருப்பதால், சாமான்களை ஏற்றிவிட்டால் அதைத் திறந்து பார்ப்பது பெரும்பாடு. ஆயில், கூலன்ட் இரண்டையும் முதல் நாள் மாலையே, என்ஜின் ஆறியிருக்கும்போது பாருங்கள். பின்கதவுக்குப் பின்புறம் இருக்கும் காற்றுத் துவாரங்களில் சேறு, சருகு இருந்தால் துடைத்துவிடுங்கள்.

நெடுஞ்சாலையில்

• முதலில் வந்த மாடல்களில் டேங்க் 15 லிட்டர்தான். பெரிய கார்க்காரர்கள் நிறுத்தும் வரை காத்திருக்காதீர்கள். ஆம்பூரில் பிரியாணிக்கு இறங்கும்போதே நிரப்பிக்கொள்ளுங்கள். பெட்ரோல் மூடி பானெட்டுக்குள் இருக்கிறது. பங்க்கில் பின்பக்கம் தேடுவார்கள், நீங்களே திறந்து காட்டுங்கள். போட்டு முடித்ததும் பானெட் சரியாக மூடியிருக்கிறதா என்று கையால் அழுத்திப் பாருங்கள்.

• வரிசையில் இரண்டாவதாகப் போகக் கேளுங்கள். கடைசியில் வந்தால் முன்னே போகிறவர்களைத் துரத்த வேண்டியிருக்கும். திருப்பத்தில், பின்னால் வரும் கார் உங்களைப் பார்த்த பிறகே திரும்புங்கள். வாட்ஸ்அப் பார்ப்பது பக்கத்து சீட்காரரின் வேலை.

மலைப்பாதையில்

ஏலகிரிக்கு 14 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்குள் நுழையும் முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள். பாதி வளைவில் மாற்றினால் வண்டி இழுக்காமல் திணறும். ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டிதான் வழி விட வேண்டும். நீங்கள் இறங்கும்போது இதை மறக்காதீர்கள்.

இறங்குவதில்தான் ரொம்பக் கவனம் வேண்டும். நானோவில் நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். மிதித்துக்கொண்டே இறங்கினால் டிரம் சூடேறி, பிரேக் பிடிப்பது குறைந்துவிடும். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். வேகத்தை என்ஜினே பிடித்துக்கொள்ளும். பிரேக்கை மிதித்து வேகத்தைக் குறைத்ததும் காலை எடுத்துவிடுங்கள். நியூட்ரல் கூடவே கூடாது. கருகல் வாடை வந்தால், வளைவு இல்லாத இடமாகப் பார்த்து ஓரம் கட்டுங்கள். பிரேக் நன்றாக ஆறட்டும். க்ளப் காத்திருக்கும். காத்திருக்காத க்ளப் உங்களுக்கு வேண்டாம்.

கடைசியாக ஒன்று. மலை அடிவாரம் வந்ததும், "கொடும்மா, நான் ஓட்டுறேன்" என்று யாராவது அன்பாகக் கேட்பார்கள். சாவியைக் கொடுக்காதீர்கள். உங்கள் வண்டியின் பிரேக் எவ்வளவு மிதித்தால் பிடிக்கும், க்ளட்ச் எங்கே கவ்வும் என்பதெல்லாம் தினமும் ஓட்டுகிற உங்கள் காலுக்குத்தான் தெரியும். நீங்களே ஓட்டுங்கள், தங்கைகளே.