தீயின் நிறம் சொல்லும் சேதி

நம் ஆரணியில் பட்டுக்குச் சாயம் ஏற்றுமுன், நூலைச் சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீரில் வேகவைப்பார்கள். செரிசின் என்னும் பசை கரைந்து, நூலின் எடையில் ஏறத்தாழ கால் பங்கு குறையும். எங்க அப்பாவுக்கு அந்த அடுப்படியில்தான் வேலை. சுடர் மங்கிச் சிவந்து புகைந்தால், "கட்டைய கொஞ்சம் வெளிய இழுடா, காத்து போவட்டும்" என்பார். பள்ளிக்கூடம் போகாதவர் படித்த பாடம் தீ!

இதையே இன்று கேமராவும் செய்கிறது. எப்படி?

சுடரின் மஞ்சள் நிறம், பழுக்கக் காய்ந்த கரித்துகள்களின் ஒளி. கேஸ் அடுப்பு போலக் காற்று முன்பே கலந்து எரிந்தால் நீலம். படத்திலுள்ள சிவப்பு, பச்சை அளவுகளின் விகிதத்தைக் கொண்டு சுடரின் வெப்பநிலையை மதிப்பிடலாம். அது சுமார் 1500 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் நைட்ரஜன் ஆக்சைடுகள் வேகமாகப் பெருகும்.

புகைபோக்கியில் வாயு அளக்கும் கருவியை வைத்து, அதன் அளவையும் அதே நொடியில் எடுத்த சுடர்ப் படத்தையும் பலமுறை சேர்த்துப் பதிய வேண்டும். அதில் பழகிய கம்ப்யூட்டர், பிறகு படத்தைப் பார்த்தே வாயுவை மதிப்பிடும். எரிபொருள் மாறினால் மறுபடி பழக்க வேண்டும். விறகுக்குப் பழகியது நிலக்கரிக்கு உதவாது.

ஒன்றை மறக்க வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. அப்பாவின் கண்ணுக்கும் தெரியாது, சாதாரணக் கேமராவுக்கும் தெரியாது. படம் தருவது மதிப்பீடு மட்டுமே. ஆகவே அடுப்படியில் தலைவலி வந்தால் வெயில்தான் காரணம் என்று இருந்துவிடாதீர்கள். உடனே வெளியே வாருங்கள். கதவு, ஜன்னலைத் திறந்து வையுங்கள். கருவி வரும்போது வரட்டும், காற்று இன்றே வரட்டும்!