ஊரமைப்பு மேற்படிப்பு: தேர்ந்தெடுக்கும் முறை

பொறியியலோ கட்டிடக் கலையோ புவியியலோ பயின்று பட்டம் பெற்ற மகனும் மகளும் இன்று நம் கிராமங்களில் பல வீடுகளில் இருக்கின்றனர். மேற்கொண்டு எதைப் படிப்பது என்று அவர்கள் ஆராயும்போது, நகர வடிவமைப்பு, நீடித்த வளர்ச்சி, தரவு ஆய்வு ஆகிய மூன்று துறைகளும் முன்னே நிற்கின்றன. இவற்றுள் தக்கதைத் தேர்ந்தெடுக்கும் முறையை இங்கு காண்போம்.

நமக்கு இதில் என்ன அக்கறை?

நகரத்தைப் பற்றிய படிப்பு கிராமத்துக்கு எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படியே தமிழ்நாட்டில் நூற்றுக்கு 48 பேர் நகர்ப்புறத்தில் வாழ்ந்தனர். நகரம் விரியும்போது அதன் ஓரத்து நன்செய் மனையாகிறது, வாய்க்கால் சாலையாகிறது. சென்னைக்குத் தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் சுற்றுப்புற ஏரிகளின் உபரிநீரை ஏற்றுக் கடலுக்கு அனுப்பி வந்தது. கட்டிடங்களாலும் சாலைகளாலும் குப்பை மேட்டாலும் அது சுருங்கியது. 2015ஆம் ஆண்டு வெள்ளத்தில் அதனை அடுத்த குடியிருப்புகள் பல நீரில் மூழ்கின. எஞ்சிய சதுப்பு நிலம் 2022இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. முன்னரே காத்திருப்பின் எத்துணை நன்மை விளைந்திருக்கும்!

மூன்று துறைகளின் பணி

ஏரிக்கரையை அடுத்து 200 மனைகள் பிரிக்கப்படவிருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். தெரு, வீடு, வடிகால், பொது இடம் ஆகியவை எங்கே எவ்வாறு அமைய வேண்டும் என்று வரைந்து காட்டுவது நகர வடிவமைப்பு. கலிங்கிலிருந்து வழியும் நீர் எங்கே போகும், கிணறுகள் வற்றாதிருக்குமா என்று அடுத்த தலைமுறைக்கும் சேர்த்துச் சிந்திப்பது நீடித்த வளர்ச்சித் துறை. பல ஆண்டு மழையளவு, நில அளவை, செயற்கைக்கோள் படம் ஆகியவற்றைக் கணிப்பொறியில் ஒப்பிட்டு உண்மையை வெளிக்கொணர்வது தரவு ஆய்வு. ஒன்றின்றி மற்றொன்று நிறைவு பெறாது.

இக்கருத்து புதிதன்று. ஸ்காட்லாந்துத் தாவரவியல் அறிஞர் பாட்ரிக் கெடிஸ் 1915இல் சென்னையில் நகரமைப்புக் கண்காட்சி நடத்தினார். சென்னை மாகாணத்து ஊர்கள் பலவற்றை நேரில் கண்டு அறிக்கையும் தந்தார். இடத்தையும் தொழிலையும் மக்களையும் முதலில் அளந்தறிய வேண்டும், திட்டம் அதற்குப் பின்னரே என்பது அவர் கொள்கை.

தேர்வு செய்யும்போது கவனிக்க வேண்டியவை

முதலாவது, தகுதி. நகர வடிவமைப்பு முதுகலைப் படிப்புக்குப் பெரும்பாலும் கட்டிடக் கலைப் பட்டம் வேண்டும். நகரமைப்புத் திட்டப் படிப்பில் சிவில் பொறியியல் பட்டதாரிகளும் சேரலாம். புவியியல், பொருளியல், சமூகவியல் ஆகியவற்றில் முதுகலை பெற்றோர்க்கும் பல நிறுவனங்கள் இடமளிக்கின்றன. சென்னை அண்ணா பல்கலைக்கழகம், தில்லித் திட்டமிடல் மற்றும் கட்டிடக் கலைப் பள்ளி, கரக்பூர் ஐ.ஐ.டி. ஆகியவை இத்துறையில் பெயர் பெற்றவை. பல இடங்களில் கேட் தேர்வு மதிப்பெண் தேவை. இரண்டு ஆண்டுச் செலவையும் கிடைக்கக்கூடிய உதவித்தொகையையும் விண்ணப்பிக்கும் முன்பே கணக்கிடுதல் நன்று.

இரண்டாவது, ஒன்றை முதன்மையாகவும் மற்றவற்றைத் துணையாகவும் கொள்ள வேண்டும். மூன்றையும் சிறிது சிறிதாகத் தொட்டவர் எதிலும் தேர்ச்சி பெறுவதில்லை. ஆசிரியர் அருகிருந்து திருத்த வேண்டிய வரைபடப் பயிற்சியும் கள ஆய்வும் கல்லூரியிலேயே பெறத் தக்கவை. நிலவரைபட மென்பொருளையும் புள்ளியியல் அடிப்படையையும் விருப்பப் பாடமாகவோ இணையவழியாகவோ சேர்த்துக் கற்கலாம். ஒரே காலத்தில் இரு பட்டப் படிப்புகளைப் பயிலப் பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் வழி செய்துள்ளது. கணிதத்தில் இயல்பான நாட்டமுள்ளோர் தரவு ஆய்வையே முதன்மையாகக் கொண்டு, நீரியலைத் துணையாகப் பயிலலாம்.

மூன்றாவது, படிப்பின் பெயரை நோக்காது பாடத்திட்டத்தை நோக்குக. கள ஆய்வு எத்தனை வாரம்? மண்ணும் நீரும் பாடமாக உள்ளனவா? இறுதி ஆய்வேட்டைத் தம் ஊரைப் பற்றியே எழுத இயலுமா? இவற்றுக்கு நல்ல விடை கிடைக்கும் இடமே ஏற்றது.

ஊராட்சி மன்றத்தார் கடமை

1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டப்படி, ஒரு பகுதிக்கு வரைவுத் திட்டம் வெளியிடப்படும்போது மக்கள் தம் மறுப்பையும் யோசனையையும் எழுத்து மூலம் தெரிவிக்கலாம். ஆனால், அத்திட்ட வரைபடத்தைப் படித்தறிய வல்லார் ஊரில் இல்லையேல் அவ்வுரிமை ஏட்டளவிலேயே நின்றுவிடும். நம் ஓடை எந்த நிறத்தில் குறிக்கப்பட்டுள்ளது என்பதைக் கூடக் காணாது காலக்கெடு கழிந்துவிடும்.

ஆதலின், இத்துறைகளில் பயிலும் மாணவருக்குக் கிராம வரைபடமும் அ-பதிவேட்டு விவரமும் கிடைக்க ஊராட்சி மன்றத்தார் துணை நிற்க வேண்டும். மடை, வாய்க்கால், ஆயக்கட்டு இவற்றை நன்கறிந்த முதிய விவசாயிகள் அவர்களுடன் வயல்வெளியில் நடந்து விளக்குவார்களாக. மாணவர் வரைந்ததைக் கிராம சபையில் வைத்துக் கேள்வி கேட்போம். ஊரின் அனுபவமும் கல்லூரியின் அறிவும் ஒன்றுகூடினால், வரவிருக்கும் நகரம் நம் நீர்நிலைகளை அழிக்காது வளர வழி பிறக்கும்.