பிரேக் பைப்புக்கு ஒட்டு வேண்டாம்

அன்புள்ள தம்பிக்கு,

தூத்துக்குடி உப்பளங்களுக்குப் பக்கத்தில் நிற்கிற வண்டிக்கு அடிப்பாகம்தான் முதலில் கிழடாகும். அப்பாவின் மாருதி 800-ஐ வீட்டு வாசலிலேயே ஜாக்கி போட்டு, ஒழுகுகிற பிரேக் பைப்பை நீயே மாற்றப்போகிறாய் என்று கேள்விப்பட்டேன். தாராளமாகச் செய். ஒழுகும் இடத்தை மட்டும் வெட்டி ஒட்டுப்போடும் யோசனை இருந்தால் அதை மட்டும் விட்டுவிடு.

அந்த இரும்பு பைப்பின் வெளிவிட்டம் 4.75 மில்லிமீட்டர், சுவரின் கனம் முக்கால் மில்லிமீட்டர்கூட இல்லை. துரு வெளியிலிருந்துதான் தின்னும். கிளிப் பிடித்திருக்கும் இடங்களில் சேறும் உப்பும் தங்கி ஈரம் காய்வதில்லை. எனவே கிளிப்பைக் கழற்றாமல் ‘பைப் நல்லாத்தான் இருக்கு’ என்று சொல்லாதே. ஒரு கிளிப்புக்கு அடியில் ஓட்டை விழுந்தால் அடுத்த கிளிப்புக்கு அடியிலும் அதே வயசுதான். மூட்டிலிருந்து மூட்டு வரை முழுசாக மாற்று. பிளம்பிங் கடை கம்ப்ரஷன் ஜாயின்ட் அன்றைக்கு ஒழுக்கை நிறுத்தும். ஓங்கி மிதிக்கும்போது எழும் அழுத்தத்துக்காக அது செய்யப்பட்டதல்ல.

ஏசி மெக்கானிக்கிடம் கிடைக்கும் செம்புக் குழாய் ஆசை காட்டும். வண்டியின் அதிர்வில் சுத்தச் செம்பு இறுகி வெடிக்கும். செம்பில் பத்து சதவீதம்போல நிக்கல் கலந்த பைப் கிடைத்தால் வாங்கு. துருப் பிடிக்காது, கையாலேயே வளையும். இல்லாவிட்டால் பிரேக்குக்கென்றே வரும் இரும்பு பைப் போதும்.

உன் பொறுமையைச் சோதிப்பது பழைய நட்டு. முந்தின ராத்திரியே துருவிளக்கி எண்ணெய் விட்டு ஊறவை. ஓபன் ஸ்பேனரால் இழுத்தால் மூலை மழுங்கும். ஃபிளேர் நட்டு ஸ்பேனர் வாங்கு. பழைய பைப் எப்படியும் காயலான் கடைக்குத்தானே? நட்டை ஒட்டி அதை வெட்டிவிட்டு, ஆறுபட்டை பாக்ஸ் ஸ்பேனரை முழுசாக மாட்டிக் கழற்று.

இனி ஃபிளேர், அதாவது பைப்பின் வாயை விரித்து மடிப்பது. பைப்பை டியூப் கட்டரால் நேராக வெட்டு, உள்விளிம்பின் பிசிரை எடு, நட்டைக் கோத்துக்கொள், பிறகு டூலில் பிடி. (நட்டைக் கோக்க மறந்து ஃபிளேர் போடாதவர் இந்தத் தொழிலில் கிடையாது.) வாய் உள்ளே மடிந்து இரண்டு அடுக்காக உட்கார வேண்டும். ஒற்றை மடிப்பு விரிசல் விடும். சில ஐரோப்பிய வண்டிகளில் வாய் குமிழ்போல இருக்கும். இரண்டையும் மாற்றிப் போட்டால் கசியும். கழற்றிய பைப்பின் வாயைப் பார்த்தே புதியதைச் செய். கோணலாக வந்தால் வெட்டிவிட்டு மறுபடி போடு, இறுக்கிச் சமாளிக்காதே.

ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதே, ஸ்டாண்ட் வை. பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை இழுக்கும், அதனால் சீல் உடைக்காத புட்டிதான் வேண்டும். வண்டியின் பிரேக் ஆயில் டப்பா மூடியில் டாட் 3 என்று இருந்தால் அதையே ஊற்று. பெயின்டில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவு. பைப்பில் புகுந்த ஏரை எடுக்கும்போது அந்த டப்பா வற்றவே கூடாது.

கடைசியில் எஞ்சினை ஓடவிட்டு, பெடலை ஓங்கி மிதித்து ஒரு நிமிஷம் பிடிக்க யாரிடமாவது சொல். நீ ஒவ்வொரு மூட்டையும் உலர்ந்த துணியால் ஒற்றிப் பார். ஈரமே இல்லாமல் பெடல் மெல்ல இறங்கினால், பைப்பில் கோளாறில்லை. மாஸ்டர் சிலிண்டர் ரப்பரைச் சந்தேகப்படு. அதைச் சரிசெய்யும்வரை வண்டி தெருவில் இறங்க வேண்டாம். அந்த ரப்பர் கிட் மாற்றும் கதையைத் தனியாக எழுதுகிறேன்.

அன்புடன்,
அண்ணன்