பக்கவாதம்: குழாயின் கணக்கும் உப்பின் கணக்கும்

2016ஆம் ஆண்டு மே 12ஆம் தேதி. அமைச்சரவைக் கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது, அப்போதைய நிதி அமைச்சர் ஹெங் சுவீ கியட் திடீரென மயங்கி விழுந்தார். அவருக்குப் பக்கவாதம் ஏற்பட்டிருந்தது. அறையில் இருந்த மருத்துவர்களான சக அமைச்சர்கள் உடனே முதலுதவி அளித்தார்கள். டான் டோக் செங் மருத்துவமனையில் அறுவை சிகிச்சை நடந்தது. சில மாதங்களில் அவர் பணிக்குத் திரும்பினார். உதவி உடனே கிடைத்தது அவருக்குப் பெரும் துணையாக அமைந்தது. நம் வீட்டில் அப்படி நடந்தால், அந்த உதவியை நாம்தான் வரவழைக்க வேண்டும்.

பக்கவாதம் என்றால் என்ன?

மூளையின் எடை நம் உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடுதான். ஆனால் உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கு அதற்குத் தேவை. அதைச் சுமந்து செல்லும் இரத்தக் குழாய் அடைபட்டால் ஒரு வகைப் பக்கவாதம். குழாய் வெடித்து இரத்தம் கசிந்தால் இன்னொரு வகை. உலக அளவில் அடைப்பு வகையே அதிகம். பெரிய குழாய் ஒன்று அடைபட்டுச் சிகிச்சை கிடைக்காவிட்டால், நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன. பத்து நிமிடத் தாமதம் என்பது ஏறக்குறைய 1.9 கோடி அணுக்கள்.

ஒரு சிறிய சோதனை

பபிள் டீ குடிக்கும் பருமனான உறிஞ்சுகுழாய் ஒன்றையும், அதில் பாதி அகலமுள்ள சாதாரண உறிஞ்சுகுழாய் ஒன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் தண்ணீர் குடித்துப் பாருங்கள். வேறுபாடு வாயிலேயே தெரியும். சீராக ஓடும் திரவத்துக்கு ஒரு விதி உண்டு: குழாயின் ஆரம் பாதியானால், அதே அழுத்தத்தில் ஓட்டம் பாதியாவதில்லை, பதினாறில் ஒரு பங்காகிவிடும். ஆரம் 10 விழுக்காடு குறைந்தாலே ஓட்டம் மூன்றில் ஒரு பங்கு குறையும். நம் இரத்தக் குழாய் வளைந்துகொடுக்கும் உயிருள்ள குழாய். ஆகவே கணக்கு அங்கே அப்படியே பொருந்தாது. ஆனாலும் குழாயின் உட்சுவரில் படியும் கொழுப்பு ஏன் ஆபத்து என்பதை இது காட்டும்.

எதை மாற்ற முடியும்?

வயதையும் பரம்பரையையும் மாற்ற முடியாது. ஆனால் 32 நாடுகளில் நடந்து 2016இல் வெளியான ஓர் ஆய்வு, பக்கவாத அபாயத்தில் சுமார் 90 விழுக்காடு நம்மால் மாற்றக்கூடிய பத்துக் காரணங்களோடு தொடர்புடையது என்று காட்டியது. உயர் இரத்த அழுத்தம், புகைபிடித்தல், நீரிழிவு, உடலியக்கக் குறைவு, உணவு, மது, மன அழுத்தம் ஆகியன அவற்றுள் அடங்கும். முதலிடம் உயர் இரத்த அழுத்தத்துக்கு. சிங்கப்பூரில் பெரியவர்களில் மூவரில் ஒருவருக்கு மேல் அது இருக்கிறது. பெரும்பாலும் வலியோ அறிகுறியோ இருக்காது, அளந்தால்தான் தெரியும். மேல் எண்ணை 10 குறைத்தாலே பக்கவாத அபாயம் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைகிறது. மாத்திரை எழுதிக்கொடுத்திருந்தால், “இப்போது நன்றாகத்தானே இருக்கிறேன்” என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

உப்புப் பொட்டலக் கணக்கு

உலகச் சுகாதார நிறுவனம் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பையே பரிந்துரைக்கிறது. அதாவது ஒரு தேக்கரண்டிதான். சிங்கப்பூரர்களின் சராசரி இதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. உங்கள் வீட்டில் நால்வர் என்றால் 20 கிராம். 500 கிராம் பொட்டலம் குறைந்தது 25 நாள் வர வேண்டும். அதற்கு முன்பே தீர்ந்தால், அளவு கூடுதல் என்று பொருள். சோயா சாஸ், ஊறுகாய், அப்பளம், கருவாடு, உணவங்காடியில் வாங்கும் மீ கோரிங் எல்லாம் இந்தக் கணக்குக்கு வெளியே. ஆகவே 25 நாள் வந்தாலும் நிம்மதி அடைய வேண்டாம். குழம்பில் கொஞ்சம் குறைத்துப் புளி, எலுமிச்சை, மிளகு சேர்த்துப் பாருங்கள். சில வாரங்களில் நாக்கு பழகிவிடும்.

நடைக்கு வாரம் 150 நிமிடம் போதும்: நாளுக்கு 30 நிமிடம், ஐந்து நாள். பாசிர் ரிஸ்வாசிகளுக்குக் கடற்கரைப் பூங்காவும் சதுப்புநிலப் பலகைப்பாதையும் இருக்கின்றன. பேசலாம், ஆனால் பாட முடியாது என்ற வேகமே சரியான வேகம்.

நிமிடங்கள் முக்கியம்

முகம் ஒரு பக்கம் கோணுகிறதா? இரு கைகளையும் உயர்த்தினால் ஒன்று தாழ்கிறதா? பேச்சு குழறுகிறதா? இவற்றில் ஒன்று திடீரென வந்தாலும் 995ஐ அழையுங்கள். அறிகுறி தானாக மறைந்தாலும் அழையுங்கள். அது பெரிய பக்கவாதத்துக்கு முன்னெச்சரிக்கையாக இருக்கலாம். “படுத்து எழுந்தால் சரியாகிவிடும்” என்று காத்திருக்க வேண்டாம். அடைப்பைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். அதற்கு முன் அடைப்பா, கசிவா என்று மூளையைப் படமெடுத்துப் பார்க்க வேண்டும். அதனால்தான் வீட்டில் ஆஸ்பிரின் கொடுக்கக்கூடாது. கசிவாக இருந்தால் அது நிலைமையை மோசமாக்கும். விழுங்குவது தடைபட்டிருக்கலாம் என்பதால் தண்ணீரோ காப்பியோ கூட வேண்டாம். அவர் கடைசியாக நன்றாக இருந்த நேரத்தை மட்டும் குறித்துவைத்து மருத்துவ உதவியாளரிடம் சொல்லுங்கள்.

இந்த வார வேலை மூன்று: வீட்டுப் பெரியவர்களின் இரத்த அழுத்தத்தை அளந்து எழுதிவையுங்கள், உப்புப் பொட்டலத்தில் திறந்த தேதியைக் குறியுங்கள், மூன்று அறிகுறிகளையும் 995ஐயும் வீட்டின் சிறு பிள்ளைக்கும் சொல்லிக்கொடுங்கள். அந்த நேரத்தில் தாத்தா, பாட்டியுடன் வீட்டில் இருப்பது அந்தப் பிள்ளையாக இருக்கலாம்.