டீசல் எஞ்சினுக்கு ஏற்ற ஆயில்: டின்னில் உள்ள எண்ணும் எழுத்தும்

கிணற்றடியில் ஓடும் பம்ப்செட்டாக இருந்தாலும், உழவு செய்யும் டிராக்டராக இருந்தாலும், டீசல் எஞ்சினின் ஆயுளை நிர்ணயிப்பது அதில் ஊற்றும் ஆயிலே. நெல் கதிர் விடும் தருணத்தில் எஞ்சின் பேரிங் பிடித்து நின்றுவிட்டால், பழுது பார்க்கும் செலவைவிடத் தண்ணீரின்றிப் பயிர் காய்வதால் வரும் நட்டமே பெரிது. ஆயினும் விவசாயிகள் பலர் விரலில் தொட்டுப் பார்த்து, "பிசுபிசுப்பாக இருக்கிறது, நல்ல ஆயில்" என்று வாங்கி விடுகின்றனர். தொட்டுப் பார்த்து ஆயிலின் தரத்தை அறிய முடியாது. டின்னில் அச்சிட்டுள்ள எண், எழுத்து ஆகிய இரண்டையும் எஞ்சினுடன் வந்த கையேட்டுடன் ஒப்பிட்டு வாங்க வேண்டும்.

எண் கூறுவது என்ன?

எஸ்.ஏ.இ. என்பதற்குப் பின் வரும் எண் ஆயிலின் கட்டித்தன்மையைக் குறிக்கும். 30, 40 என்று ஒரே எண் உள்ளவை ஒற்றைத் தர ஆயில்கள். பழைய மெதுவேக பம்ப்செட் எஞ்சின்கள் சிலவற்றுக்குக் கையேட்டில் இவையே கூறப்பட்டிருக்கும். 20டபிள்யூ-40, 15டபிள்யூ-40 என இரண்டு எண்கள் இருந்தால் அது பல தர ஆயில். 'டபிள்யூ' குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து. அதற்கு முன் உள்ள எண் குறையக் குறைய, குளிரில் ஆயில் எளிதாக ஓடும். பின்னுள்ள 40, எஞ்சின் சூடேறி ஆயில் 100 டிகிரி சென்டிகிரேடில் இருக்கும்போது உள்ள கட்டித்தன்மை. ஆகவே சூடான எஞ்சினில் இவ்விரண்டும் ஒரே தரத்தைச் சேர்ந்தவை. காலையில் முதன்முதலாக எஞ்சினைக் கிளப்பும்போதுதான் வேறுபாடு தெரியும். நீலகிரி போன்ற குளிர்ந்த இடங்களில் 15டபிள்யூ கூடுதல் பயன் தரும்.

கியர் பெட்டிக்கான 90-ம் எண் ஆயில் 40-ஐவிட இரு மடங்கு கெட்டி என்று எண்ண வேண்டாம். அது வேறு அளவுகோல். 90-ம் எண் கியர் ஆயிலின் கட்டித்தன்மை ஏறத்தாழ 40 அல்லது 50-ம் எண் எஞ்சின் ஆயிலுக்குச் சமமே. ஆனால் அதில் சேர்க்கப்படும் மருந்துகள் வேறு என்பதால் எஞ்சினில் ஊற்றக்கூடாது.

எழுத்து கூறுவது என்ன?

ஏ.பி.ஐ. என்பதற்குப் பின் 'எஸ்' என்று தொடங்கினால் பெட்ரோல் எஞ்சினுக்கும், 'சி' என்று தொடங்கினால் டீசல் எஞ்சினுக்கும் உரியது. டீசல் எரியும்போது கரி அதிகம் உண்டாகிறது, அமிலமும் சேர்கிறது. கரியைப் படியவிடாமல் மிதக்க வைக்கவும், அமிலத்தை முறிக்கவும் டீசல் ஆயிலில் தனி மருந்துகள் உண்டு. மோட்டார் சைக்கிளுக்கு வாங்கிய ஆயிலில் மிச்சத்தை பம்ப்செட்டில் ஊற்றக்கூடாது என்பது இதனாலேயே.

'சி'க்கு அடுத்த எழுத்து உயர உயரத் தரம் உயரும். சி.எப்-4 தரம் 1990-லும், சி.எச்-4 1998-லும், சி.ஐ-4 2002-லும் வந்தன. கையேட்டில் சி.எப்-4 என்றிருந்தால் சி.ஐ-4 ஊற்றலாம், சி.ஐ-4 என்றிருந்தால் சி.எப்-4 ஊற்றக்கூடாது.

2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிப்படி தயாரான டீசல் கார், ஜீப் வைத்திருப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவற்றின் புகைக்குழாயில் கரி வடிகட்டி உள்ளது. கரி எரிந்து போகும். ஆயிலின் சாம்பல் எரியாமல் தங்கி வடிகட்டியை அடைக்கும். எனவே கையேட்டில் கண்ட, சாம்பல் குறைந்த ஆயிலையே ஊற்ற வேண்டும். பம்ப்செட் ஆயில் இதற்கு ஆகாது.

எப்போது மாற்றுவது?

ஆயில் கறுத்துவிட்டது என்பதால் கெட்டுவிட்டது என்று பொருளல்ல. கரியைத் தன்னுள் தாங்கி நிற்பதால் வரும் நிறம் அது. ஓடிய மணிக்கணக்கே சரியான வழி. பல டிராக்டர்களுக்கு முதலில் 50 மணியிலும், பின் 250 மணிக்கு ஒரு முறையும் மாற்றுமாறு கையேடு கூறும். தினம் 5 மணி நேரம் ஓடினால் 50 நாளில் 250 மணி ஆகிவிடும். பம்ப்செட்டுக்கு அதன் கையேட்டில் உள்ள கணக்கைப் பின்பற்றவும். ஓடும் நேரத்தை மோட்டார் அறைச் சுவரில் குறித்து வருவது நல்லது. ஆயிலுடன் வடிகட்டியையும் மாற்ற வேண்டும்.

கவனத்தில் கொள்ள வேண்டியவை

1. எஞ்சினை நிறுத்திச் சில நிமிடம் கழித்து, சமதளத்தில் வைத்து அளவுக்குச்சியைப் பார்க்கவும். ஆயில் இரு கோடுகளுக்கு இடையில் நிற்க வேண்டும். அதிகமானாலும் கெடுதலே, கிராங்க் கடைந்து நுரை உண்டாகும்.

2. ஆயில் பால்போல் வெளுத்தால் தண்ணீர் கலந்துள்ளது. நீர்த்து டீசல் வாடை அடித்தால் டீசல் கசிந்துள்ளது. இரண்டிலும் எஞ்சினை ஓட்டாமல் மெக்கானிக்கிடம் காட்டவும்.

3. சில்லறையாக அளந்து தரும் மலிவு ஆயிலை வாங்க வேண்டாம். அது வடிகட்டிய பழைய ஆயிலாக இருக்கலாம். சீல் உடையாத டின்னையே வாங்கவும்.

4. எண்ணெய்த் தொட்டி உள்ள காற்று வடிகட்டியைத் தவறாமல் சுத்தம் செய்து, கோடு வரை ஆயில் நிரப்பவும். தூசி உள்ளே போனால் எவ்வளவு நல்ல ஆயிலும் பிஸ்டன் ரிங்கைக் காக்காது.

5. இறக்கிய பழைய ஆயிலைக் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ கொட்டக்கூடாது. மாட்டுப் புண்ணுக்குத் தடவவும் கூடாது. டின்னில் சேர்த்து வைத்து, பழைய ஆயில் எடுக்கும் அங்கீகாரம் பெற்றவர்களிடம் கொடுக்கவும். கையில் பட்டால் சோப்புப் போட்டுக் கழுவவும்.

அடுத்த முறை ஆயில் வாங்கக் கடைக்குச் செல்லும்போது கையேட்டை உடன் எடுத்துச் செல்லுங்கள். கையேடு தொலைந்திருந்தால், எஞ்சின் தகட்டில் உள்ள மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு அந்த எஞ்சினை விற்பவரிடம் கேட்டறியுங்கள். தகுந்த ஆயிலைக் காலத்தில் மாற்றி வந்தால் எஞ்சின் நெடுநாள் உழைக்கும். பயிருக்கும் வேண்டிய நாளில் தண்ணீர் கிடைக்கும்.