தறிக்குழியும் எலிக்காய்ச்சலும்

எலிக்காய்ச்சல் என்னும் பெயரால் நாம் எலியை மட்டுமே ஐயுறுகிறோம். நலமாகத் தோன்றும் பன்றியின் சிறுநீரிலும் அக்கிருமி வெளிப்படுவதுண்டு. சுவிட்சர்லாந்தில் பன்றி வளர்ப்போரை வாட்டிய காய்ச்சலுக்கு அதன் ஒரு வகையே காரணமென 1944-இல் தெளிவாயிற்று.

ஆரணியில் குழித்தறியில் பட்டு நெய்வோர் கால்களைக் குழிக்குள் விட்டே மிதிக்கின்றனர். மழைக்காலத்தில் பன்றி திரியும் சாக்கடைநீர் அதில் புகுந்து தேங்கினால், காலிலுள்ள சிறுபுண் வழியே கிருமி உடலினுள் நுழையக்கூடும். ஈரமண்ணில் அது வாரக்கணக்கில் வாழும், உலர்ந்தால் மடியும். ஆதலின் நீரை இறைத்து, குழியை உலர்த்தியபின் தறியில் அமர்தல் வேண்டும்.

நோய் கண்டால் காய்ச்சலுடன் கண் சிவந்து, கெண்டைக்கால் கடுமையாக வலிக்கும். மிதிப்பவர்க்குக் கால்வலி புதிதன்று. தறிவலியென்று தைலம் தேய்த்துக் காலங்கடத்துதல் இயல்பே. நாம் அஞ்சுவது அதனையே. தொடக்கத்தில் டாக்சிசைக்ளின் போன்ற மருந்து குணந்தரும். தாமதித்தால் சிறுநீரகமும் ஈரலும் பழுதுறக்கூடும். மருத்துவரிடம் குழியில் நீர் நின்றதையும் கூறுக.