ஐ.டி. ரிட்டர்ன் போட்டுத் தர எவ்வளவு?

மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலையாக இருக்கட்டும், கிழக்கே கேம்ப் ரோடாக இருக்கட்டும், ஒரு ஜெராக்ஸ் கடை போர்டை நின்று முழுசா படிச்சுப் பாருங்க. ஜெராக்ஸ், லேமினேஷன், பான் கார்டு, பட்டா, ரயில் டிக்கெட் என்று போய்க்கிட்டே இருக்கும். எங்கேயோ கடைசி வரியில் "ஐ.டி. ரிட்டர்ன்" என்று இருக்கும். எவ்வளவு ஆகும் என்பது மட்டும் போர்டில் இருக்காது.

உள்ளே போய்க் கேட்டால்தான் சொல்வாங்க. இந்தப் பக்கம் நான் விசாரித்த வரைக்கும், சம்பளம் மட்டும் வாங்குகிறவர், கையில் ஃபார்ம் 16 இருக்கு என்றால் பிரவுசிங் சென்டரில் 300லிருந்து 500. ஆடிட்டர் ஆபீஸ் என்றால் 1000ல் ஆரம்பிக்கும், ஷேர், வீட்டு வாடகை எல்லாம் சேர்ந்தால் 2000, 3000 என்று ஏறும். மூணாவதா ஒரு ரேட் இருக்கு, அதைச் சதவீதத்தில் சொல்வாங்க. "இப்ப ஒண்ணும் தர வேண்டாம் தம்பி, ரீஃபண்ட் வந்ததும் அதுல இருபது பர்சன்ட் கொடுத்தா போதும்." கேட்க இதுதான் நல்லா இருக்கும். ஆனா மூணிலும் ரொம்பக் காஸ்ட்லி இதுதான். ஏன்னு கணக்குப் போட்டே காட்டுறேன். அதுக்கு முன்னாடி நம்ம பாட்டைப் பார்த்துடுவோம்.

"நமக்கு ஏது சம்பளம், ஏது வரி" என்று ஸ்க்ரோல் பண்ணிடாதீங்க. ஃபைனல் இயரில் பாதிப் பேர் ஜனவரியில் இன்டர்ன்ஷிப் போகப் போறோம். கம்பெனி நம்மை எந்தக் கணக்கில் எழுதுது என்பதுதான் விஷயம். சம்பளம் என்று எழுதினால், நம்ம ஸ்டைபெண்டுக்கு வரி வராது, பிடிக்கவும் மாட்டாங்க. நிறைய கம்பெனி அப்படி எழுதுறதில்லை. "புரொஃபஷனல் ஃபீஸ்" என்று எழுதி, (1961 சட்டத்தில் இது 194ஜே பிரிவு) 10 சதவீதம் டி.டி.எஸ். பிடிச்சுட்டு மீதியைத்தான் போடுவாங்க. ஒரு நிதியாண்டில் 50,000 ரூபாய் தாண்டினால் பிடிக்கணும் என்பது இப்போதைய விதி. 2025 ஏப்ரலுக்கு முன்னாடி 30,000 ஆக இருந்தது. பான் எண்ணே கொடுக்கலைன்னா 10 இல்லை, 20 சதவீதம். பான் இல்லாதவங்க இன்னிக்கே எடுத்துடுங்க. ஆதாரோடு மொபைல் நம்பர் இணைஞ்சிருந்தா வருமான வரித் துறை தளத்திலேயே இ-பான் உடனே கிடைக்கும், காசே கிடையாது. அதுக்கும் கடையில் காசு கொடுக்கிறவங்க இருக்காங்க.

மாசம் 25,000 ஸ்டைபெண்ட், ஜனவரியிலிருந்து ஜூன் வரை என்று வைங்க. மொத்தம் 1,50,000. அதில் 15,000 டி.டி.எஸ்.ஆ போயிருக்கும். இது நாம கட்ட வேண்டிய வரி இல்லை, முன்கூட்டியே பிடிச்சு வச்ச பணம். ரிட்டர்ன் போட்டால் திரும்ப வரும், போடலைன்னா வராது. அரசாங்கம் தேடி வந்து கொடுக்காது.

இதில் ஒரு சிக்கல் இருக்கு. நிதியாண்டு மார்ச் 31ல் முடிஞ்சுடும். அதனால் ஜனவரி முதல் மார்ச் வரை வாங்கிய 75,000 ஒரு வருஷக் கணக்கு, ஏப்ரல் முதல் ஜூன் வரை வாங்கிய 75,000 அடுத்த வருஷக் கணக்கு. 7,500 ஒரு ரிட்டர்னில் வரும், இன்னொரு 7,500 அடுத்த வருஷ ரிட்டர்னில் வரும். ஜூலையில் வேலைக்குச் சேர்ந்தா, புது ஆபீஸ் தரும் ஃபார்ம் 16ல் பழைய கம்பெனியின் அந்த 75,000 இருக்காது. நீங்களேதான் சேர்க்கணும். ஃபார்ம் 16ஐ மட்டும் கடையில் கொடுத்துட்டு வந்தீங்கன்னா அவர் அதை மட்டும்தான் தட்டுவார். வருமானமும் விட்டுப்போகும், 7,500 ரூபாயும் விட்டுப்போகும். கேள்வி கேட்க அவருக்கு நேரமில்லை, பின்னாடி ஆதார் திருத்தத்துக்கு நாலு பேர் நிக்கிறாங்க.

சரி, அந்த 500 ரூபாய்க்கு கடையில் என்னதான் செய்றாங்க? உங்க பான் எண்ணையும் பாஸ்வேர்டையும் போட்டு வருமான வரித் தளத்துக்குள் போறாங்க. மதிப்பீட்டு ஆண்டைத் தேர்ந்தெடுக்கிறாங்க. வருமானம் வந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டு அது, 2025-26ல் சம்பாதிச்சதுக்கு 2026-27. எந்தப் படிவம் என்று சொல்றாங்க. உடனே பெயர், விலாசம், சம்பளம், பிடிச்ச வரி எல்லாம் ஏற்கெனவே நிரப்பிய படிவம் திறக்குது. சரி, சரி, சரி என்று தட்டிட்டு, உங்க போனுக்கு வரும் ஓ.டி.பி.யைக் கேட்கிறாங்க. இருபது நிமிஷ வேலை. தளத்துக்கு நீங்களே போனா இதுக்குக் கட்டணம் பூஜ்யம்.

நாமளே போடும்போது யோசிக்க வேண்டிய இடம் ரெண்டுதான். ஒண்ணு, படிவம். சம்பளமும் பேங்க் வட்டியும் மட்டும் இருந்தா ஐ.டி.ஆர்-1, அதாவது சகஜ். 194ஜேயில் பிடிச்ச ஸ்டைபெண்டுக்குப் பெரும்பாலும் ஐ.டி.ஆர்-4, சுகம். அதில் 44ஏ.டி.ஏ. என்ற பிரிவு இருக்கு. இன்ஜினியரிங், டெக்னிக்கல் கன்சல்டன்சி மாதிரி தொழில்களுக்கு, வாங்கியதில் குறைந்தது பாதியை வருமானமா காட்டினா போதும், செலவுக்கு பில் வச்சிருக்கத் தேவையில்லை. ரெண்டாவது, சரிபார்க்கிறது. 26ஏ.எஸ். என்ற அறிக்கையில் உங்க பெயரில் யார் எவ்வளவு வரி பிடிச்சாங்க என்று இருக்கும். ஏ.ஐ.எஸ்.ஸில் சேமிப்புக் கணக்கு வட்டி, டிவிடெண்ட் வரைக்கும் இருக்கும். கம்பெனி கடைசிக் காலாண்டுக் கணக்கைக் கொடுக்க மே 31 வரை டைம் இருக்கு, அதனால் ஏப்ரலில் பார்த்துட்டு "என் டி.டி.எஸ். காணோம்" என்று பதறாதீங்க. ஜூன் நடுவில் பாருங்க. ரீஃபண்ட் வரும் பேங்க் கணக்கையும் அதே தளத்தில் முன்கூட்டியே சரிபார்த்து வைக்கணும்.

2026 ஏப்ரல் 1 முதல் 1961 சட்டத்துக்குப் பதில் புது வருமான வரிச் சட்டம். அதில் பிரிவு எண்கள் எல்லாம் வேற. 194ஜே என்று மனப்பாடம் பண்ணாதீங்க, எதுக்காகப் பிடிக்கிறாங்க என்பதை மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க.

இருபது பர்சன்ட் ஆள்

இப்ப அந்த மூணாவது ரேட்டுக்கு வருவோம். இது நம்மைவிட நம்ம வீட்டில் இருக்கிறவங்களுக்கு முக்கியம். மறைமலை நகர் ஃபேக்டரியில் இருக்கும் அண்ணன், மெப்ஸில் வேலை பார்க்கும் அக்கா, ரயில்வேயில் இருக்கும் அப்பா, இப்படி மாசச் சம்பளத்தில் வரி பிடிக்கப்படும் ஆட்களைத்தான் இந்த ஏஜென்ட்டுகள் தேடுவாங்க. ஒருத்தருக்கு ரீஃபண்ட் வந்துட்டா அந்த டிபார்ட்மென்ட் முழுக்க அவர் நம்பர் வாட்ஸ்அப்பில் சுத்தும்.

2025 ஜூலை 14 அன்று வருமான வரித் துறை நாடு முழுக்க சுமார் 150 இடங்களில் சோதனை நடத்தியது. குறி வச்சது இந்த மாதிரி ரிட்டர்ன் போட்டுத் தருகிறவங்களை. பொய்யான கழிவுகளைக் காட்டி ரீஃபண்ட் வாங்கித் தந்து அதில் கமிஷன் எடுக்கிறாங்க என்று துறையின் அறிக்கை சொன்னது. இதுக்கு முன்னாடி நடந்த சோதனைகளில் ஆதாரம் கிடைச்ச மாநிலங்கள் வரிசையில் தமிழ்நாடும் இருந்தது. பயன்படுத்திய பிரிவுகள்: வீட்டு வாடகைப் படி, கல்விக் கடன் வட்டி, மருத்துவக் காப்பீடு, அரசியல் கட்சிக்கு நன்கொடை. மாட்டினவங்களில் பன்னாட்டுக் கம்பெனி, பொதுத்துறை, அரசு, கல்வி நிறுவன ஊழியர்கள் எல்லாரும் உண்டு. அதற்கு முந்தைய நாலு மாசத்தில் மட்டும் சுமார் 40,000 பேர் தாங்களே திருத்திய ரிட்டர்ன் போட்டு, 1,045 கோடி ரூபாய் அளவுக்கான பொய்க் கழிவுகளைத் திரும்பப் பெற்றிருக்காங்க என்றும் துறை சொன்னது.

கணக்குக்கு வருவோம். 2024-25ல் வருஷச் சம்பளம் 9 லட்சம் வாங்கிய ஒருத்தரை எடுத்துக்குங்க. புதிய வரி முறையில் நிலையான கழிவு 75,000 போக 8,25,000. வரியும் செஸ்ஸும் சேர்த்து 33,800. ஆபீஸே மாசாமாசம் பிடிச்சுக் கட்டிடுச்சு. அவர் சும்மா ரிட்டர்ன் போட்டா பாக்கியும் இல்லை, ரீஃபண்டும் இல்லை.

ஏஜென்ட் என்ன செய்வார்? புதிய முறையில் இந்தக் கழிவுகளில் அநேகமா எதுவும் கிடையாது, அதனால் பொய் எழுத இடமில்லை. எனவே ரிட்டர்னில் பழைய முறைக்கு மாத்துவார். அங்கே நிலையான கழிவு 50,000 போக 8,50,000. அதில் கட்சி நன்கொடை, கல்விக் கடன் வட்டி, வாடகை என்று 3,50,000 எழுதுவார். வருமானம் 5 லட்சத்துக்கு இறங்கிடும், தள்ளுபடியில் வரி பூஜ்யம். 33,800 முழுசா ரீஃபண்ட். அவர் பங்கு 20 சதவீதம், 6,760. மீதி 27,040 நம்ம ஆளுக்கு. எல்லாருக்கும் சந்தோஷம்.

துறை கேள்வி கேட்கும் நாள் வருது. ரசீது இல்லை, 3,50,000 கழிவும் போச்சு. பழைய முறையைத் தேர்ந்தெடுத்தது அந்த ரிட்டர்ன்தான், அதனால் கணக்கும் பழைய முறையிலேயே போகும். கழிவே இல்லாமல் பழைய முறையில் 8,50,000க்கு வரி 85,800. கவனிங்க, நேர்மையா இருந்திருந்தா 33,800தான். பிடிச்ச வரியை ஏற்கெனவே ரீஃபண்டா வாங்கிட்டதால் 85,800ம் கையிலிருந்து போகணும். வருமானத்தைத் தவறாகக் காட்டியதுக்கு 270ஏ பிரிவில் அபராதம் அந்த வரியின் 200 சதவீதம், 1,71,600. ரெண்டும் சேர்த்து 2,57,400. வட்டியை நான் இன்னும் சேர்க்கலை.

ஏஜென்டுக்கு இதில் எதுவும் வராது. ரிட்டர்னின் உறுதிமொழியில் இருப்பது உங்க பெயர், போன ஓ.டி.பி. உங்களுடையது. "எனக்குத் தெரியாது, அவர்தான் போட்டார்" என்று சொல்லி வரியிலிருந்து தப்பிக்க முடியாது. ரீஃபண்ட் வந்துடுச்சு, அப்ப ஓகே ஆயிடுச்சு என்ற நினைப்பும் தப்பு. ரீஃபண்ட் கம்ப்யூட்டர் கணக்கில் வருது. மதிப்பீட்டு ஆண்டு முடிஞ்சு பொதுவா மூணு வருஷம் மூணு மாசம் வரைக்கும் நோட்டீஸ் வரலாம்.

துறையின் அதே அறிக்கையில் எனக்கு ரொம்ப உறுத்தியது வேற ஒரு வரி. மொத்தமா ரிட்டர்ன் போடுகிற இந்த ஆட்கள் தற்காலிக இமெயில் ஐ.டி.க்களை உருவாக்கி, வேலை முடிஞ்சதும் கைவிட்டுடறாங்க. நோட்டீஸ் அந்த இமெயிலுக்கே போகும், யாரும் படிக்க மாட்டாங்க. அதாவது 2,57,400 ரூபாய் கடிதம் ஏற்கெனவே வந்திருக்கலாம், வீட்டில் யாருக்கும் தெரியாது.

அதனால் இந்த வாரம் வீட்டுக்குப் போகும்போது அப்பாவோ அண்ணனோ பக்கத்தில் உட்காரும்போது அவங்க கணக்கில் லாகின் பண்ணச் சொல்லுங்க. பாஸ்வேர்டு கடைக்காரரிடம்தான் இருக்குன்னா, ஆதார் ஓ.டி.பி. வச்சு மாத்திடலாம். புரொஃபைலில் யாருடைய இமெயில், யாருடைய மொபைல் இருக்குன்னு பாருங்க. பழைய ரிட்டர்ன்களை டவுன்லோடு பண்ணி, எந்தக் கழிவு எவ்வளவுன்னு பாருங்க. கட்சிக்கே காசு கொடுக்காத மனுஷன் பெயரில் கட்சி நன்கொடை இருந்தா, நோட்டீஸ் வரும் முன்னாடி நாமே திருத்திய ரிட்டர்ன் போட வழி இருக்கு. கூடுதல் வரி 25 சதவீதத்தில் ஆரம்பிக்கும், தாமதமாக ஆக 70 வரைக்கும் ஏறும். 200 சதவீதத்தோடு ஒப்பிட்டா இது மலிவு. இதை மட்டும் பிரவுசிங் சென்டரில் செய்யாதீங்க, சி.ஏ.விடம் போங்க.

காசு கொடுத்தே போட வேண்டியவங்க

ரிட்டர்ன் போட்டுத் தருகிற எல்லாரும் திருடங்க என்று நான் சொல்ல வரலை. ஹாஸ்டலில் எஃப் அண்ட் ஓ ஆடுகிற நண்பர்களே, உங்க லாப நஷ்டம் வியாபார வருமானம், ஐ.டி.ஆர்-3 போகும். கிரிப்டோ விற்றிருந்தா ஐ.டி.ஆர்-1, 4 ரெண்டுமே செல்லாது, லாபத்துக்கு 30 சதவீத வரி. வெளிநாட்டுக் கம்பெனி ஷேர் இருந்தா அதுக்குத் தனி அட்டவணை. அப்பா கடை வச்சிருந்தா அது இன்னொரு உலகம். இங்கெல்லாம் ஒரு சி.ஏ.வுக்குக் கொடுக்கும் 2000, 3000 நியாயமான கூலி. அவர் கேள்வி கேட்பார், ரசீது கேட்பார். கேட்கிறதுக்குத்தான் காசு.

சின்ன வரிதாரர்களுக்கு உதவ அரசாங்கமே 2006ல் "டாக்ஸ் ரிட்டர்ன் பிரிப்பேரர்" என்று ஒரு திட்டம் கொண்டு வந்தது. பட்டதாரிகளுக்குப் பயிற்சி கொடுத்து, ரிட்டர்ன் போட்டுத் தர அனுமதி கொடுத்தாங்க. அவங்க வரிதாரரிடம் வாங்கக்கூடிய உச்சவரம்பு 250 ரூபாய். விலை முன்கூட்டியே தெரியும், ரீஃபண்டோடு அதுக்குச் சம்பந்தமும் இல்லை.

கடைசியா ஒரு தேதி. 2024-25 நிதியாண்டில், அதாவது 2025 மார்ச் 31க்குள், கோடை இன்டர்ன்ஷிப்பிலோ ஃப்ரீலான்ஸிலோ டி.டி.எஸ். போனவங்க இருப்பீங்க. 2024-25க்கான கெடு ஜூலை 31லிருந்து தள்ளித் தள்ளி செப்டம்பர் 16ல் முடிஞ்சுது. ஆனா தாமத ரிட்டர்ன் போட 2025 டிசம்பர் 31 வரை டைம் இருந்தது. அந்த ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் இருந்தவங்க அப்படிப் போட்டப்போ தாமதக் கட்டணமும் இல்லை, ரீஃபண்டும் இருந்தது. முதலில் 26ஏ.எஸ். திறந்து உங்க பெயரில் எவ்வளவு கிடக்குன்னு பாருங்க. போட்ட 30 நாளுக்குள் ஆதார் ஓ.டி.பி. வச்சு இ-வெரிஃபை பண்ணிடுங்க, இல்லைன்னா போட்ட ரிட்டர்ன் போடாத மாதிரிதான்.